பிளைவுட்டை சிஎன்சி பெட்டில் எதைக் கொண்டு பிடிப்பது: ஸ்க்ரூவா, கிளாம்பா, வேக்குவமா?

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி பலகை வெட்டும் மிஷின்) வாங்க நினைக்கும் மரப்பட்டறைக்காரர்கள் முதலில் விசாரிப்பது ஸ்பிண்டில், அதாவது வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார், எத்தனை கிலோவாட் என்பதை. அடுத்து ஷீட்டை வைக்கும் மேடையான பெட்டின் அளவு, அப்புறம் விலை. ஷீட்டை பெட்டில் எப்படிப் பிடிக்கப் போகிறோம் என்ற கேள்வி மிஷின் வந்து இறங்கிய பிறகுதான் எழுகிறது. அதற்குள் விற்பவர் வேக்குவம் பெட்டையும் (ஷீட்டின் அடியில் காற்றைக் குறைத்துப் பிடிக்கும் பெட்) பம்பையும் சேர்த்து விற்றிருப்பார், அல்லது அதெல்லாம் தேவையில்லை என்று விலையைக் குறைத்திருப்பார். இரண்டுமே சில பட்டறைகளுக்குச் சரி, சில பட்டறைகளுக்குத் தப்பு.

பிடிப்பு விஷயத்தில் இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன. முழு ஷீட் நகராமலும் மேலே எழும்பாமலும் இருக்க வேண்டும், இது ஒன்று. பிட் சுற்றி வந்து வெட்டை முடிக்கும் கடைசி நொடியில், ஷீட்டிலிருந்து கழன்றுகொள்ளும் துண்டு அசையாமல் இருக்க வேண்டும், இது இன்னொன்று. முதல் வேலையை நாலு ஸ்க்ரூவே செய்துவிடும். பிட் உடைவதும், துண்டு பறப்பதும், நல்ல ஓரத்தில் பிட் கடித்து வைப்பதும் பெரும்பாலும் இரண்டாவதில்தான் நடக்கிறது. பணம் போடுகிறவர்கள் முதல் வேலைக்குப் பணம் போட்டுவிட்டு, இரண்டாவதில் பிட்டைப் பறிகொடுக்கிறார்கள். அதனால் எதை வாங்குவது என்று பார்க்கும் முன் நீங்கள் வெட்டும் துண்டுகளில் மிகச் சிறியது எவ்வளவு என்று அளந்து பாருங்கள். முடிவில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

இங்கே வரும் வேலைகளை வைத்தே சொல்கிறேன். மாடுலர் கிச்சன் பெட்டிகள் என்றால் பெரிய பெரிய செவ்வகங்கள், ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினைந்து ஷீட். பூஜை அறைக் கதவுக்கு ஜாலி என்றால் பலகை ஒன்றுதான், ஆனால் அதற்குள்ளிருந்து நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் கழிவுத் துண்டுகள் கழன்று விழும். கல்யாண மேடைக்கு எழுத்தும் அலங்கார வளைவும் வெட்டுபவர்களுக்குச் சிறிய, ஒழுங்கற்ற வடிவங்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கு முன்பு பலாப்பலகை போட்டார்கள். இப்போது பெரும்பாலும் பிளைவுட்தான். அதற்கு நடுத்தர அளவில் செவ்வகமோ, மேலே வளைந்த திருவாசி வடிவமோ வெட்ட வேண்டும். இந்த நாலுக்கும் ஒரே பிடிப்பு பொருந்தாது.

ஷீட்டிலேயே இருக்கும் தொல்லை

எந்தப் பிடிப்பை எடுத்தாலும் பிளைவுட் தன் பங்குக்கு மூன்று தொல்லைகளைக் கொண்டுவரும். அவை தெரியாமல் பம்பையோ கிளாம்பையோ குறை சொல்வதில் பயன் இல்லை.

முதலாவது வளைவு. நமக்கு வரும் ஷீட் பெரும்பாலும் கேரளத்தின் பெரும்பாவூரிலிருந்தோ ஹரியானாவின் யமுனாநகரிலிருந்தோ கிளம்பி வருகிறது. லாரியிலிருந்து இறக்கி, கடையில் சுவரோடு சாய்த்து வைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு பக்கம் ஈரம் வாங்கினால் எட்டடி நீளத்தில் நடுப்பகுதி ஒரு விரல் அளவுக்குக் கூட எழும்பிவிடும். ஷீட்டை நிறுத்தி வைக்காமல் படுக்கப் போட்டு அடுக்குவது எந்த கிளாம்பையும்விட மலிவான தீர்வு. வளைந்தது வந்துவிட்டால், மேடு மேலே இருக்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். ஓரம் நாலும் பெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் வேக்குவம் நடுவை இழுத்துக்கொள்ளும். ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், பம்பு சும்மா கத்தும்.

இரண்டாவது கனம். 18 எம்.எம். என்று பில் போட்டு வந்த ஷீட்டை கேலிப்பரில் அளந்தால் ஒரு மூலையில் 17.4, இன்னொரு மூலையில் 18.1 இருக்கும். காலிப்ரேட்டட் பிளை என்று தனியாகக் கேட்டு வாங்கினால் இந்த ஏற்ற இறக்கம் குறையும், காசும் கூடும். இதற்கும் பிடிப்புக்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கழன்றுகொள்ளும் துண்டைப் பற்றிய பகுதியில் சொல்கிறேன். அங்கேதான் இது கடிக்கும்.

மூன்றாவது உள்ளே இருக்கும் கேப். விலை குறைந்த பிளையில் நடு வெனீர்கள் (மெல்லிய மர அடுக்குகள்) ஒன்றோடொன்று சேராமல் இடைவெளி விட்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த இடத்தில் ஸ்க்ரூ இறங்கினாலும் பிடிக்காது, துண்டைத் தாங்குவதற்காக நாம் விட்டுவைக்கும் பாலம் அங்கே அமைந்தாலும் நிற்காது. வேக்குவமும் அந்தப் பொந்து வழியாகக் கொஞ்சம் கசியும்.

பிட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம், பிடிப்புக்குப் பாதிப் பொறுப்பு அதற்கு இருக்கிறது. அப்-கட் பிட் தூளை மேலே வாரி எறியும், கூடவே ஷீட்டையும் மேலே இழுக்கும். டவுன்-கட் பிட் ஷீட்டைக் கீழே அமுக்கும். மேல் வெனீர் பிசிறில்லாமல் வரும், ஆனால் தூள் வெளியேற வழியில்லாமல் வெட்டுப்பள்ளத்திலேயே அடைந்து சூடேறும். கம்ப்ரஷன் பிட்டுக்கு நுனி அப்-கட், மேல்பகுதி டவுன்-கட். பிளைவுட்டின் இரண்டு பக்கமும் சுத்தமாக வரும். ஆனால் முதல் சுற்றிலேயே அந்த நுனிப்பகுதியைத் தாண்டி ஆழமாக இறங்க வேண்டும். மெள்ள மெள்ள மூன்று மில்லியாக இறக்கினால், விலை கொடுத்து வாங்கிய கம்ப்ரஷன் பிட் மேல் வெனீரில் வெறும் அப்-கட் பிட்டாகத்தான் வேலை செய்யும். வளைந்த 6 எம்.எம். ஷீட்டை ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு அப்-கட் பிட்டால் வெட்டினால் நடுப்பகுதி மத்தளம் போல அதிரும். பிட்டை மாற்றினாலே அந்தச் சிக்கலில் பெரும்பகுதி போய்விடும்.

கிளாம்பும் ஒட்டு டேப்பும்

டி-ஸ்லாட் பெட்டோடு (கிளாம்ப் பூட்டப் பள்ளங்கள் ஓடும் பெட்) நாலு கிளாம்ப் பெரும்பாலும் மிஷினோடு சேர்ந்தே வரும். நடுத்தரத் துண்டுகளுக்கும், கனமான பலகையில் மேல்வேலை மட்டும் செய்வதற்கும் அது போதும். எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டுக்கு அது மட்டும் போதாது. ஓரத்தில் பிடிக்கும், நடுவில் ஒன்றும் செய்யாது. ஸ்பிண்டிலோ தூள் உறிஞ்சும் பிரஷ்ஷோ கிளாம்பில் இடிக்கும் அபாயம் ஒவ்வொரு முறையும் உண்டு. மென்பொருளில் கிளாம்பின் உயரத்தைக் கணக்கில் வைத்து, பிட் இடம் மாறும்போது அதற்கு மேலே போகும்படி பாதுகாப்பு உயரத்தைக் கூட்டி வைக்க வேண்டும். கிளாம்பை நான் மற்றவற்றுக்குத் துணையாகத்தான் பார்க்கிறேன். வேக்குவம் பிடிக்கும் வரை வளைந்த மூலையை அமுக்கி வைக்க அதைப்போல வசதியானது வேறில்லை.

பெட்டில் பேப்பர் டேப், பலகையின் அடியில் பேப்பர் டேப், இரண்டுக்கும் நடுவே இன்ஸ்டன்ட் பசை. இந்த முறை சிறிய, மெல்லிய வேலைகளுக்கு நன்றாகவே நிற்கும். அந்தப் பசை காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும் என்பதால் நம் ஊரில் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். பெட்டின் மேல் அடிப்பலகையாகப் போடும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தூசி படிந்திருந்தால் டேப் ஒட்டாது, துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். 4 எம்.எம். பிளையில் பெயர்ப்பலகை எழுத்து வெட்டுகிறவர்களுக்கு இது போதும். முழு ஷீட்டுக்கு யாரும் இதைச் செய்ய மாட்டார்கள், செய்யவும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் பிட்டில் பசையாகச் சுற்றிக்கொள்ளும், அவசரத்துக்கு மட்டும்.

ஸ்க்ரூ

ஸ்க்ரூ என்றால் நாகரிகமில்லாத வழி என்ற எண்ணம் சிலருக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலைந்து ஷீட் வெட்டும் பட்டறைக்கு, ஸ்க்ரூவைவிட நம்பகமான பிடிப்பு கிடையாது என்பது என் கருத்து. கரண்ட் போனாலும் அது விடாது. டெல்டாவில் வெட்டுகிற யாருக்கும் இதன் அருமை தெரியும். வேலை நடுவில் கரண்ட் போனால் வேக்குவமும் கூடவே போகும், ஷீட் லேசாக நகர்ந்துவிடும். திரும்பி வந்தபின் அதே இடத்தில் தொடர முடியாது. ஸ்க்ரூவில் பிடித்திருந்தால் மிஷினை ஹோம் செய்துவிட்டு (தொடக்கப் புள்ளிக்கு அனுப்பிவிட்டு), புரோகிராமில் விட்ட வரியிலிருந்து மறுபடி ஓட்டலாம்.

ஆனால் அதைப் போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பெட்டின் மேல் 18 எம்.எம். எம்டிஎஃப் பலகை இருக்கிறது, அதன் மேல் 18 எம்.எம். பிளை என்று வைத்துக்கொள்வோம். 25 எம்.எம். ஸ்க்ரூ போட்டால் எம்டிஎஃப்-க்குள் ஏழு மில்லிதான் இறங்கும். அது பிடிப்பே இல்லை. ஒன்றேகால் இஞ்ச், அதாவது 32 எம்.எம். போட்டால் பதினாலு மில்லி இறங்கும், கீழே பெட்டின் அலுமினியத்தையும் தொடாது. பிளைவுட்டில் ஸ்க்ரூ மரையைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை முதலில் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் மரை பிளையிலும் எம்டிஎஃப்-லும் ஒரே நேரத்தில் கடித்து, இரண்டையும் ஒட்டவிடாமல் நடுவில் இடைவெளியை அப்படியே நிறுத்திவிடும். ஷீட் இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும், உண்மையில் ஒரு மில்லி மேலே மிதந்துகொண்டிருக்கும். முன்பு போட்ட ஸ்க்ரூக்களால் எம்டிஎஃப்-ல் எழும்பியிருக்கும் பிசிறும் இதையே செய்யும். புது ஷீட் போடும் முன் ஒரு ஸ்க்ரேப்பரால் பெட்டை வழித்துவிடுவது நல்லது.

ஸ்க்ரூ எங்கே போகும் என்பதை ஆபரேட்டர் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிட்டின் பாதையில் ஒரு இரும்பு ஸ்க்ரூ வந்தால் கார்பைடு பிட் சிதறிவிடும், துண்டு முகத்துக்கு வரும். டிசைனிலேயே கழிவுப் பகுதியில் ஸ்க்ரூ இடங்களைக் குறித்து, முதல் புரோகிராமில் மிஷினே அந்த ஓட்டைகளைப் போடட்டும். அதற்குப் பிட் நேராகக் கீழே இறங்குகிற வேலைதான், பக்கவாட்டு இழுப்பு இல்லை. நாலு மூலையில் கிளாம்ப் இருந்தால் போதும். மிஷின் நின்றதும் ஓட்டைகளில் ஸ்க்ரூவை இறக்கி, கிளாம்பை எடுத்துவிட்டு, இரண்டாவது புரோகிராமில் வெட்டலாம். ஓரத்தில் மட்டும் போதாது, துண்டுகளுக்கு நடுவிலுள்ள கழிவிலும் சில ஸ்க்ரூ வேண்டும்.

ஜாப் வொர்க் செய்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். இங்கே பெரும்பாலும் வாடிக்கையாளரே ஷீட்டைக் கொண்டுவந்து கொடுப்பார், மிச்சத்தையும் அவரே எடுத்துப் போவார். “தம்பி, மிச்சத் துண்டுல ஓட்டை போட்டுறாத, டிராயருக்கு அடி போடணும்” என்று ஆசாரி வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் போவார். “சரிண்ணே” என்று சொல்லிவிட்டால் ஸ்க்ரூ போட இடம் ஓரத்தில் ஒரு இஞ்ச்தான். அப்போது நெஸ்டிங் செய்யும்போதே, அதாவது துண்டுகளை ஷீட்டில் நெருக்கி அடுக்கும்போதே, மிச்சம் ஒரே பெரிய துண்டாக ஒரு பக்கம் ஒதுங்கும்படி அடுக்க வேண்டும். கழிவுப் பட்டைகளை வேலை நடக்கும் பக்கத்திலேயே வைத்து, அவற்றில் ஸ்க்ரூவை இறக்கலாம்.

குறை என்று பார்த்தால் நேரம்தான். ஸ்க்ரூ போடவும் எடுக்கவும் ஷீட்டுக்கு ஆறு நிமிடம் என்று வையுங்கள். நாலு ஷீட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பதினைந்து ஷீட் என்றால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். வேக்குவம் பற்றி யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

வேக்குவம்

வேக்குவம் எதையும் இழுப்பதில்லை; அடியில் காற்றைக் குறைத்தால் மேலே இருக்கும் காற்று அமுக்குகிறது. கடல் மட்டத்தில் அந்த அமுக்கம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. நம் டெல்டா கடல் மட்டத்தை ஒட்டியே இருப்பதால் முழு ஒரு கிலோவும் நமக்குக் கிடைக்கும். பம்பு அதில் பாதியை எட்டினால் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ. எட்டுக்கு நாலு ஷீட்டின் பரப்பு ஏறக்குறைய 29,800 சதுர சென்டிமீட்டர். கணக்குப்படி பதினைந்து டன் எடை ஏறி உட்கார்ந்ததுபோல. விற்பவர் காட்டும் கணக்கு இது.

அதே கணக்கை அவர் காட்டாத இடத்தில் போட்டுப் பாருங்கள். முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் துண்டுக்கு 450 கிலோ, கவலையே இல்லை. ஐந்துக்கு ஐந்து என்றால் பன்னிரண்டரை கிலோ. ஜாலியிலிருந்து கழலும் மூன்றுக்கு மூன்று துண்டுக்கு நாலரைக் கிலோ. இதுவும் மேலிருந்து கீழே அமுக்கும் பலம்தான். பக்கவாட்டில் தாங்குவது உராய்வு மட்டும், அது அமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் பெரிது. ஆக ஜாலித் துண்டைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது ஒன்றரைக் கிலோ. வேகமாக ஓடும் ஆறு மில்லி பிட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பரப்பு சுருங்கச் சுருங்க வேக்குவத்தின் பலம் சுருங்குகிறது. பெரிய கிச்சன் பலகைக்கு அது ராஜா, எழுத்துக்கும் ஜாலிக்கும் அரைகுறை.

போதாததற்கு வெட்ட வெட்ட ஓட்டை பெருகும். ஆறு மில்லி பிட்டால் ஒரு ஷீட்டில் முப்பது மீட்டர் வெட்டுப்பாதை ஓடினால், திறந்துகிடக்கும் பரப்பு 0.18 சதுர மீட்டர். ஷீட்டில் ஆறு சதவீதம். அதன் வழியே காற்று பாய்ந்து உள்ளே போகும். சில ஆபரேட்டர்கள் தூளைப் பள்ளத்திலேயே விட்டு ஓட்டையை அடைக்கிறார்கள். பிடிப்புக்கு நல்லதுதான், பிட்டின் சூட்டுக்கு அவ்வளவு நல்லதல்ல. எப்படியும் சிறிய துண்டுகளை முதலில், பெரியவற்றைக் கடைசியில் வெட்டும்படி வரிசை போடுவது இதனால்தான். ஷீட் முழுதாக இருந்து வேக்குவம் உச்சத்தில் இருக்கும்போதே சிறியவை முடிந்துவிட வேண்டும்.

பம்பில் மூன்று வகை நம் பக்கம் கிடைக்கும். புளோயர் வகை நிறையக் காற்றை இழுக்கும், ஆனால் அமுக்கம் சதுர சென்டிமீட்டருக்கு கால் கிலோ அளவில்தான் நிற்கும். ஓட்டை நிறைந்த பெட்டில் முழு ஷீட்டுக்கு அது ஒத்துவரும். எல்லாப் பக்கமும் அடைபட்டால் சூடேறும் என்பதால் ரிலீஃப் வால்வு கட்டாயம். தகடுகள் சுழலும் வேன் பம்பு ஆழமான வேக்குவம் தரும், ஆனால் மரத்தூளை அதனால் தாங்க முடியாது. ஃபில்டரை மறந்தால் பம்பை மறக்க வேண்டியதுதான். வாட்டர் ரிங் பம்பு தூளையும் ஈரத்தையும் சகித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓடும். அதனால்தான் பல ரவுட்டர்களோடு 5.5 அல்லது 7.5 கிலோவாட் வாட்டர் ரிங் பம்பைக் கொடுக்கிறார்கள். செலவைக் குறைக்க வீட்டு வேக்குவம் கிளீனர் மோட்டாரைப் பூட்டுகிறவர்களும் உண்டு. உறிஞ்சும் காற்றாலேயே குளிரும்படி அமைந்த மோட்டார் அது. ஷீட் வாயை அடைத்துவிட்டால் காற்று ஓடாது, சுருள் கருகிவிடும்.

வாட்டர் ரிங் பம்புக்குத் தண்ணீர் வேண்டும், நம் ஊரில் அந்தத் தண்ணீர்தான் பிரச்சனை. தொட்டித் தண்ணீர் சூடானால் பம்பின் எல்லை குறையும் என்பது உண்மை. 50 டிகிரியில் நீராவி அழுத்தமே 120 மில்லிபாரைத் தாண்டும், அதற்குக் கீழே அந்தப் பம்பால் இழுக்க முடியாது. ஆனால் பிளைவுட் வேலையில் இருக்கும் கசிவுக்கு நாம் அந்த எல்லையின் அருகில்கூடப் போவதில்லை. சித்திரை வெயிலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தொட்டியை நிழலில் வைத்தால் போதும். உப்புக்குத்தான் பயப்பட வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால், வார்ப்பிரும்பு உடலில் துருவும் காறையும் படிந்து இடைவெளிகள் அடைபடும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, அதையே சுற்றவிடுவது நல்லது. தொட்டி பெரிதாக இருந்தால் அடிக்கடி மாற்றவும் வேண்டாம்.

கரண்ட் கணக்கையும் போடுங்கள். 5.5 கிலோவாட் பம்பு முழுச் சுமையில் எட்டு மணி நேரம் ஓடினால் 44 யூனிட். உங்கள் ஸ்பிண்டிலும் ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும், அதுவும் எந்நேரமும் முழுச் சுமையில் ஓடாது. ஆக கரண்ட் பில்லில் பெரிய பங்கு, வெட்டாத பம்புக்குப் போகும். சிங்கிள் பேஸ் இணைப்பில் இதை ஓட்ட நினைக்க வேண்டாம், மூன்று பேஸ் வேண்டும். ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தால், இந்த அளவு மோட்டார் நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது சாதாரணமாக எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் குறையும். ஜெனரேட்டர் அளவை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெட் பலகைக்கு வருவோம். வேக்குவம் எம்டிஎஃப்-ஐ ஊடுருவித்தான் வேலை செய்கிறது; பிளைவுட்டை அடிப்பலகையாகப் போட்டால் அதன் பசை அடுக்குகள் காற்றை விடாது. எம்டிஎஃப்-லும் இரண்டு முகங்களில் இறுகிய தோல் இருக்கும். இரண்டு பக்கமும் அரை மில்லி இழைத்துவிட்டு, நாலு ஓரத்தையும் பெயின்ட்டோ பசையோ பூசி அடைக்க வேண்டும். இழைக்காத எம்டிஎஃப்-ஐப் போட்டுவிட்டு “பம்பு சரியில்லை” என்று புகார் சொல்லும் பட்டறைகள் நிறைய. மழைக்காலத்தில் எம்டிஎஃப் ஈரம் வாங்கி உப்பும், மேடு பள்ளமாகும். அடைமழை ஓய்ந்ததும் ஒருமுறை லேசாக இழைத்துச் சமமாக்கினால் வேக்குவம் திரும்பவும் நன்றாகப் பிடிக்கும். ஷீட் மூடாத இடத்தை மூட எங்கேயும் எதுவும் வாங்க வேண்டாம். எல்லா மரப்பட்டறையிலும் மூலையில் கிடக்கும் மைக்கா துண்டுகளே காற்றை நன்றாக அடைக்கும்.

கழன்றுகொள்ளும் துண்டு

மேலே சொன்ன எதை வைத்திருந்தாலும் சிறிய துண்டுக்கு இரண்டு வழிதான். துண்டையும் கழிவையும் இணைத்து அங்கங்கே சிறு பாலங்களை விட்டு வெட்டுவது ஒன்று. மென்பொருளில் இதற்கு டேப் (tab) என்றிருக்கும், ஒட்டும் டேப் வேறு. அடியில் மெல்லிய தோலை மட்டும் மிச்சம் விட்டு முழுவதையும் வெட்டி, கடைசிச் சுற்றில் அந்தத் தோலை அறுப்பது இன்னொன்று.

ஷீட்டின் கனம் கடிக்கும் இடம் இதுதான். இசட் பூஜ்யத்தை, அதாவது ஆழத்தை அளக்கத் தொடங்கும் இடத்தை, ஷீட்டின் மேல்முகத்தில் எடுத்து, 18 மில்லியில் ஒன்றரை மில்லி பாலம் விடச் சொன்னால் பிட் 16.5 ஆழத்தில் நிற்கும். அந்த இடத்தில் ஷீட் 17.4 தான் என்றால் பாலம் 0.9 மில்லி. அரை மில்லி தோல் விடச் சொல்லியிருந்தால் தோலே இருக்காது, துண்டு சுற்றின் நடுவிலேயே கழன்றுவிடும். பூஜ்யத்தைப் பெட்டின் முகத்தில் எடுங்கள். அப்போது ஷீட் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பாலமும் தோலும் சொன்ன அளவில் நிற்கும், பெட் சமமாக இருக்கும் வரை. காசில்லாமல் கிடைக்கும் இந்த மாற்றத்தைச் செய்யாமல் பம்பு விலை விசாரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிளைவுட்டில் பாலத்தின் பலம் அதன் கனத்தை மட்டும் பொறுத்ததல்ல. நம் ஊர் பிளையில் முக வெனீர் காகிதம்போல மெல்லியது, பெரும்பாலும் அரை மில்லிக்கும் கீழே. அதற்கு மேல் வரும் உள் வெனீரின் நார் குறுக்கே ஓடும். பாலம் ஒரு மில்லிக்குக் குறைந்தால் தாங்குவது முக வெனீரும் அந்த உள் வெனீரின் ஒரு சீவலும்தான். பாலம் நீளும் திசையில் நார் ஓடினால் பிடிக்கும், குறுக்கே ஓடினால் பிட்டின் அதிர்வுக்கே உடையும். எனவே ஒன்றரை முதல் மூன்று மில்லி கனமும், ஆறு முதல் எட்டு மில்லி அகலமும் வைத்தால் இரண்டு அடுக்குகளும் சேர்ந்து தாங்கும். ஒரு துண்டுக்கு இரண்டே பாலம் வைத்தால் ஒன்று கேப்பில் விழுந்தாலும் துண்டு சுழன்றுவிடும். மூன்றாவது ஒன்று இருக்கட்டும். வளைவிலும் மூலையிலும் வைக்காமல் நேர் ஓரத்தில் வைத்தால், பிறகு டிரிம்மரால் (கையில் பிடிக்கும் சின்ன ரவுட்டர்) ஒரே இழுப்பில் சீவிவிடலாம். உளியால் நெம்பினால் முக வெனீரும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

தோல் விடும் முறை வேக்குவத்தோடு சேர்ந்தால்தான் அழகு. கடைசிச் சுற்றில் அறுக்க வேண்டியது அரை மில்லிதான் என்பதால் பிட்டின் தள்ளுவிசை மிகக் குறைவு. அதுவரை காற்றும் கசியாது. ஓரத்தில் பாலத்தின் தழும்பும் இருக்காது. ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை சுற்ற வேண்டியிருப்பதால் நேரம் கூடும். சிறிய துண்டுகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, பெரியவற்றை ஒரே மூச்சில் வெட்டலாம். வேக்குவம் இல்லாத பெட்டில், ஸ்க்ரூவுக்குத் தூரத்தில் ஷீட் லேசாக எழும்பியிருந்தாலே தோலின் கணக்கு தப்பிவிடும். அங்கே பாலம்தான் சரி.

ஜாலிக்கு என் யோசனை வேறு. கழிவுத் துண்டு பிட்டின் விட்டத்தைப்போல மூன்று மடங்குக்குள் இருந்தால், ஓரத்தை மட்டும் வெட்டாமல் பாக்கெட்டாக முழுவதையும் தூளாக்கிவிடுங்கள். கழல்வதற்குத் துண்டே இருக்காது. அதைவிடப் பெரிய கண்களுக்கு ஒரு மில்லி தோல் விட்டு, பலகையை எடுத்தபின் பின்பக்கத்திலிருந்து டிரிம்மரால் எடுக்கலாம். ஜாலிக்குப் பின்னால் கண்ணாடியோ பலகையோ வந்தால் பின்முகத்தின் சிறு பிசிறு பெரிதாகத் தெரியாது.

யாருக்கு எது

ஜாலி, எழுத்து, மேடை அலங்காரம் என்று நாளுக்கு நாலைந்து ஷீட் வெட்டுகிறவர் ஸ்க்ரூ, பாலம், பெட்டில் பூஜ்யம், நல்ல டவுன்-கட் பிட் என்று நிம்மதியாக இருக்கலாம். பம்புக்குக் கொடுக்கும் பணத்தில் தூள் உறிஞ்சும் மிஷின் வாங்கினால் நுரையீரலாவது தப்பும். ஓவியப் பலகை வெட்டுகிறவருக்கும் இதே பதில்தான். அவருடைய துண்டுகளுக்கு நடுவே எப்போதும் கழிவுப் பட்டை இருக்கும், ஸ்க்ரூவுக்கு இடம் தாராளம்.

மாடுலர் கிச்சன் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது, ஷீட்டெல்லாம் உங்களுடையது, நாளுக்குப் பத்துக்கு மேல் வெட்டுகிறீர்கள் என்றால் வேக்குவம் இல்லாமல் லாபம் நிற்காது. கம்ப்ரஷன் பிட், வாட்டர் ரிங் பம்பு, சிறிய துண்டுகளுக்குத் தோல் என்று போகலாம். டிராயர் முகப்பு போன்ற குறுகிய பட்டைகளை ஷீட்டின் ஓரத்தில் அடுக்காமல் நடுவில் அடுக்குங்கள். ஓரத்தில்தான் காற்று முதலில் நுழைகிறது.

வாடிக்கையாளரின் ஷீட்டை வெட்டிக்கொடுக்கும் ஜாப் வொர்க் பட்டறைதான் சிக்கலான இடம். இன்று கிச்சன் வரும், நாளை ஜாலி வரும். ஷீட்டின் தரம் உங்கள் கையில் இல்லை. மிச்சத்தில் ஓட்டையும் விழக் கூடாது. இவர்களுக்குத்தான் டி-ஸ்லாட்டும் வேக்குவமும் கலந்த பெட் பொருத்தம். புது மிஷின் சொல்லும்போதே அப்படிப்பட்ட பெட்டாகக் கேளுங்கள். பிறகு பெட்டை மாற்றுவது பெரிய செலவு. பம்பை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் வருடம் ஸ்க்ரூவிலேயே ஓட்டிப் பார்த்து, எத்தனை ஷீட் வெட்டுகிறோம் என்று தெரிந்தபின் பம்பை வாங்குங்கள். ஆனால் அந்த எம்டிஎஃப்-க்கு அடியில் காற்று வாய்களும் ரப்பர் பட்டைகளும் எங்கெங்கே ஓடுகின்றன என்று முதல் நாளே அளந்து, ஒரு தாளில் வரைந்து கன்ட்ரோல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நீளம் கூடிய ஸ்க்ரூ ஒன்று அங்கே இறங்கிவிட்டால், பின்னால் பம்பு பூட்டும்போது காற்று எங்கே கசிகிறது என்று தேடியே இரண்டு நாள் போய்விடும்.